நாட்டைக் காப்பேன் என்று நான் பேசிய நாள்

ஆறாம் வகுப்பில் படித்தபோது ஒரு பேச்சுப் போட்டியில் எனக்கு முதற்பரிசு கிடைத்தது. தலைப்பு, ‘என் நாட்டை நான் காப்பேன்’. என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே முதற்பரிசு அதுதான். ஆனாலும் அதை யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. என் கணவருக்குக்கூடத் தெரியாது.

அப்போது போர் முடிந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருக்கும். நாங்கள் தெல்லிப்பழையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவின் சொந்த வீடு அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில்தான் இருந்தது, ஆனால் முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம். இராணுவம் பிடித்துவைத்திருந்த அந்த இடத்துக்குப் பாதுகாப்பு வலயம் என்று பெயர். ஆருக்குப் பாதுகாப்பு என்று ஒருமுறை அப்பாவிடம் கேட்டேன்.

“எங்கடை வீட்டுக்குத்தான். ஒருத்தரும் உள்ளுக்குப் போகேலாது. இதைவிடப் பாதுகாப்பு வேறையென்ன?” என்றார்.

அப்பாவுக்குத் தபாற்கந்தோரில் வேலை. கடிதத்துக்கு முத்திரை குத்துகிற அதே முகத்தோடுதான் பகிடியும் விடுவார்.

வீட்டில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பி. இந்த மாமா கடைசிச் சண்டை நடந்த வன்னியில் இருந்தவர். போர் முடிந்து, முகாமில் சில மாதம் வைத்திருந்து விட்ட பிறகு, ஒரு பொலித்தீன் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் ஊர் கிளிநொச்சிப் பக்கம். தாய் தகப்பன் முன்பே இறந்துவிட, அங்கே மிஞ்சியிருந்தது மாமாவும் அம்மாவின் கடைசித் தங்கையும்தான். வந்தது மாமா மட்டும்.

அவர் சுன்னாகத்தில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால், முப்பத்தோராம் நாளுக்கு அவரைப் பற்றிக் ‘கல்வெட்டு’ என்று ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். பிறப்பு, வளர்ப்பு, உத்தியோகம், குணநலம், பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். முன்பக்கத்தில் செத்தவரின் படமும், நடுவில் சில பாட்டுகளும் வரும். நாங்கள் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், ஆனாலும் சைவ வீடுகளுக்கும் மாமாதான் எழுதினார். செத்தவரைக் கண்ணாலும் காணாமல், உறவுக்காரர் சொல்லுகிற நாலு தகவலை வைத்துக்கொண்டு, வாசிக்கிறவர் கண்கலங்கும்படி எழுதிவிடுவார். பிழையாக அச்சான தாள்களை எனக்குக் கொண்டுவந்து தருவார். என் கணக்குகளையெல்லாம் நான் செத்தவர்களின் முகங்களுக்குப் பின்புறம்தான் செய்து பழகினேன்.

சித்தியின் படம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. அம்மாவின் கலியாணப் படத்தில், பூத்தட்டோடு ஓரத்தில் நிற்கிற பத்து வயதுப் பிள்ளை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா ஜெபம் செய்யும்போது ஒவ்வொரு நாளும் சித்தியின் பெயரைச் சொல்லி, “அவவை எங்கை இருந்தாலும் காத்துக்கொள்ளும்” என்பார். அந்த இடம் வரும்போது மாமா எழுந்து கை கழுவப் போய்விடுவார். திரும்பி வர ஆமென் சொல்லி முடிந்திருக்கும். சித்தி எங்கே என்று கேட்டால், “வன்னிப் பக்கம். வருவா” என்று அம்மா சொல்லுவார். கொழும்பில் இருந்த பெரியம்மா மாதிரி இவவும் தூரத்தில் ஏதோ வேலை பார்க்கிறா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெரியம்மா ஒரு பள்ளி விடுமுறைக்கு வந்து எங்களோடு ஒரு கிழமை நின்றார். குரல் பெரிசு. ஒருநாள் குசினிக்குள் அவரும் அம்மாவும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே படிக்கட்டில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன்.

“பதியச் சொல்லு அவனை,” என்றார் பெரியம்மா. “இன்னும் எத்தினை வருசம் இழுக்கப்போறான்?”

“மெல்லக் கதையுங்கோ அக்கா. பின்னுக்கு நிக்கிறான்.”

“கேக்கட்டும். அண்ணன் ஒளிச்சான், தங்கச்சி போனாள். இதிலை மறைக்க என்ன கிடக்கு?”

சட்டியைக் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கு அந்த வசனம் பிடித்துப்போனது. அண்ணன் ஒளிச்சான், தங்கச்சி போனாள். ஊஞ்சல் போய்வருவதுபோல இருந்தது அது. முருங்கையிலை உருவி முடியும்வரை மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அது யாரைப் பற்றியது என்று எனக்குத் தெரியாது என்றுதான் பல வருடங்களாக எனக்கே சொல்லிவந்தேன். அது முழு உண்மையில்லை. அண்ணன் யாரென்று தெரியும். தங்கை யாரென்றும் தெரியும். ஏன் ஒளித்தார், எங்கே போனா என்பதுதான் தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டும் என்ற எண்ணமும் எனக்கு வரவில்லை.

அடுத்த தவணை தொடங்கியபோது பள்ளிக்கூடத்தில் போட்டியை அறிவித்தார்கள். பக்கத்து இராணுவ முகாமின் உதவியோடு நடக்கிறது, பிரதம விருந்தினராக ஓர் அதிகாரி வருவார், முதற்பரிசு ஒரு சைக்கிள். சைக்கிளை முன்கூட்டியே கொண்டுவந்து அதிபரின் அறைக்குள் நிறுத்தியிருந்தார்கள். ஊதா நிறம். முன்னால் கூடை. பொலித்தீன் இன்னும் கழற்றாத இருக்கை. யன்னலுக்குள்ளால் பார்க்கவென்றே இடைவேளைகளில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்வருகிற பிள்ளை. அன்றே பெயர் கொடுத்தேன்.

பின்னேரம் மாமா வேலையால் வந்ததும், தலைப்பை எழுதிய துண்டை அவரிடம் நீட்டினேன். அவர் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“உதுக்கு எனக்கு எழுத வராது பிள்ளை. ரீச்சரிட்டைக் கேள்.”

“நீங்கள் செத்த ஆக்களுக்கெல்லாம் எழுதுறீங்கள்.”

“அது வேறை.”

அம்மா குறுக்கே வந்தார். “எழுதிக் குடுவன் தம்பி. வெயிலுக்குள்ளை நடந்துதானே போய் வருது.”

மாமா மறுநாளும் எழுதவில்லை. அதற்கடுத்த நாள், யாரோ ஓர் இளைப்பாறிய அதிபரின் முகத்துக்குப் பின்புறத்தில் இரண்டு பக்கம் எழுதித் தந்தார். அதில் கிணற்றைக் கலக்கி இறைத்துச் சுத்தமாக வைத்திருப்பதும் நாட்டைக் காப்பதுதான் என்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடவேண்டி வந்தால், அவர் திரும்பி வரும்வரை அவருடைய மாட்டுக்குத் தண்ணி வைப்பதும் நாட்டைக் காப்பதுதான் என்று இருந்தது. கடைசியில் இப்படி முடிந்தது: ‘எந்த நாட்டில் ஒரு பிள்ளையும் காவலுக்குப் போகவேண்டியதில்லையோ, அந்த நாடே காக்கப்பட்ட நாடு.’

எனக்கு அது பிடிக்கவில்லை. சைக்கிள் வெல்லுகிற பேச்சாக அது இல்லை. தமிழ் ரீச்சருக்கும் அப்படித்தான் பட்டது.

“வடிவாத்தான் எழுதியிருக்கிறார்,” என்றார் ரீச்சர். “ஆனா கிணறு இருக்கு, மாடு இருக்கு. நாடு எங்கை? கொஞ்சம் வீரம் வேணும் பிள்ளை. நீ பேசேக்கை சனம் நிமிந்து இருக்கவேணும்.”

வீரத்தை நானே எழுதினேன். மாட்டையும் கிணற்றையும் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் வாள், வேல், மார்பில் ஏற்ற புண் என்று பாடப்புத்தகத்தில் இருந்த எல்லாவற்றையும் அள்ளிப் போட்டேன். அப்போதுதான் பெரியம்மாவின் வசனம் நினைவுக்கு வந்தது. அதைச் சுத்தத் தமிழாக்கினேன். ‘ஆபத்து வரும்போது ஒளித்துக்கொள்பவனும் ஒரு மகனா? அண்ணன் ஒளித்தான், தங்கை போனாள் என்று ஊர் சொன்னால், அந்த அண்ணன் எந்த முகத்தோடு அந்த வீட்டில் சோறு தின்பான்?’

ரீச்சர் வாசித்துவிட்டு, “ஆ, இதுதான்” என்றார். “இது உன்ரை சொந்தமோ?”

“ஓம் ரீச்சர்.”

கிணற்றடியில் நின்று பேசிப் பழகினேன். மாமா வருகிற சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவேன். அவர் கேட்டபோது, “அண்டைக்குத்தான் கேக்கலாம், இப்ப சொல்லமாட்டன்” என்றேன். அவரை வியக்கவைக்கப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அதுதான் காரணம் என்றால் எனக்கு ஏன் அந்த நாட்களில் மாமாவோடு இருந்து சாப்பிடக் கூச்சமாக இருந்தது என்று தெரியவில்லை.

போட்டி ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. அப்பாவுக்கு வேலை. மாமா வருவதாக இல்லை. இராணுவ உடுப்புப் போட்டவர்கள் நிற்கிற இடத்துக்கு அவர் ஒருபோதும் போகமாட்டார். சந்தியில் சோதனைச் சாவடி இருந்தால் அரை மைல் சுற்றிக்கொண்டு போவார். நான் அழுதேன். நீங்கள்தானே எழுதித் தந்தது, நீங்கள் வராவிட்டால் பேசமாட்டேன் என்று அடம்பிடித்தேன். கடைசியில் அவர் கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா குடைபிடித்தபடி முன்னால் போக, நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம். நல்ல சாப்பாடு தருவார்களாம் என்று அவருக்கு ஆசைகாட்டிக்கொண்டே போனது நினைவிருக்கிறது.

மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். அதிகாரி மூக்குக்கண்ணாடி போட்ட, வியர்வையைத் துடைத்தபடியே இருந்த ஒரு நடுவயது ஆள். சின்னப் பிள்ளைகளைக் கண்டால் “சாப்பிட்டாச்சா?” என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். தனக்கும் எங்கள் வயதில் ஒரு மகள் இருக்கிறாள், அவளைக் கண்டு நான்கு மாதமாகிறது என்று பேச்சில் சொன்னார். எங்களுக்குச் சிங்களம் படிப்பித்த சேர்தான் பக்கத்தில் நின்று தமிழில் மாற்றிச் சொன்னார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார் அந்த அதிகாரி. இன்றும் அவர்மேல் எனக்கு ஒரு குறையுமில்லை.

எனக்கு முன்னால் பேசிய நான்கு பேரில் ஒருவன் பாதியில் மறந்துபோய், விரலைத் துவக்குப்போல நீட்டியபடியே நின்றான். இன்னொரு பிள்ளை அழுதுவிட்டாள். நான் ஏறினேன். ஒலிவாங்கியை என் உயரத்துக்குத் தாழ்த்தினார்கள். அம்மாவும் மாமாவும் நடுவரிசையில், ஓரத்துக் கதிரைகளில் இருந்தார்கள். வாளும் வேலும் நன்றாகவே போயின. முன்வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பிறகு அந்த வசனம் வந்தது. ரீச்சர் பழக்கியபடி ‘தங்கை போனாள்’ என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் பொறுத்து, ‘எந்த முகத்தோடு’ என்று உயர்த்தினேன்.

முன்னால் கைதட்டினார்கள். பின்னால் தட்டவில்லை. பின்வரிசைகளில் வன்னியிலிருந்து வந்து குடியேறிய சனம் இருந்தது. ஒரு பெண் தன் மடியில் இருந்த பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே நிலத்தைப் பார்த்தார். அம்மா கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினார். மாமா மட்டும் என்னை நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பாடத்தைப் பிழையில்லாமல் ஒப்புவிக்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோல, ஒருமுறை தலையை அசைத்தார். நான் மிச்சத்தையும் பேசி முடித்தேன்.

முதற்பரிசு எனக்கு என்று சொன்னபோது, சைக்கிளைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கி, சிங்களத்தில் ஏதோ கேட்டார்.

“ஆர் எழுதித் தந்தது எண்டு கேக்கிறார்,” என்றார் சிங்களச் சேர்.

பெருந்தன்மையாக நடந்துகொள்ளவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. “மாமா” என்று சொல்லிக் கையைக் காட்டினேன்.

அவரைக் கூப்பிட்டார்கள். மாமா எழும்பவில்லை. திரும்பவும் கூப்பிட்டார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது எழுந்து, சேட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். அதிகாரி அவருடைய கையையும் குலுக்கினார். நீண்ட நேரம் பேசினார். சேர் மாற்றிச் சொன்னார்.

“நல்ல பேச்சாம். உங்களை மாதிரி ஆக்கள் நாட்டுக்கு வேணுமாம். அந்த அண்ணன் தங்கச்சிக் கதை தனக்கு நல்லாப் பிடிச்சதாம். அது எங்கையிருந்து எடுத்தது எண்டு கேக்கிறார்.”

“அது நான்” என்று நான் தொடங்கினேன். அது என் வசனம். மாமாவுக்கு அந்தப் புகழ் போவதில் எனக்கு விருப்பமில்லை. மாமா என் தலையில் கையை வைத்தார். ஒலிவாங்கி இன்னும் என் உயரத்தில்தான் இருந்தது. அவர் அதை உயர்த்தவில்லை. ஆனாலும் சொன்னதெல்லாம் பந்தல் முழுக்கக் கேட்டது.

“அது கதையில்லை சேர். அந்த அண்ணன் நான்தான். வீட்டுக்கு ஒராள் வேணும் எண்டு வந்தவங்கள். என்னைத் தேடித்தான் வந்தவங்கள். நான் ஒளிச்சிட்டன். தங்கச்சியைக் கொண்டு போயிட்டாங்கள். அவவுக்கு இருபது வயது. இண்டைவரைக்கும் ஒரு தகவலும் இல்லை.”

போர் முடிகிற தறுவாயில், இராணுவத்தோடு சண்டைபிடிக்கவென்று இயக்கம் வன்னியில் வீட்டுக்கு ஒருவரை எடுத்தது என்பதும், கூட்டிப் போனவர்களில் பலர் என்ன ஆனார்கள் என்று யாருக்கும் தெரியாது என்பதும் அங்கே இருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. தன் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தார் என்று, உடுப்புப் போட்டவருக்கு முன்னால் ஒலிவாங்கியில் சொல்லுகிற காலமாக அது இருக்கவில்லை என்பதும் தெரிந்ததே. அதிகாரி சிங்களச் சேரைப் பார்த்தார்.

சேர் மாமாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு சிங்களத்தில் ஒரே ஒரு சின்ன வசனம் சொன்னார். அதில் ‘ஸ்தூதி’ என்ற சொல் இருந்தது. நன்றி என்று பொருள் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளையான எனக்கே தெரியும். அதிகாரி முகம் மலர்ந்து மாமாவின் தோளில் தட்டினார். முன்வரிசை கைதட்டியது.

மாமா அவ்வளவு நேரம் பேசியதை இந்தச் சேருக்கு ஒழுங்காக மொழிபெயர்க்கத் தெரியவில்லையே, இவரிடமா நாங்கள் சிங்களம் படிக்கிறோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. வகுப்பில் தோழிகளிடமும் அதைச் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சேருக்கு நான் செய்த அநியாயம் அது. அவர் இளைப்பாறி அரியாலையில் இருக்கிறார் என்று கேள்வி. போய்ப் பார்க்கவேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாப்பாட்டுக்கு நிற்காமல் அம்மா குடையை விரித்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். மாமா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நான் கூடையைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தேன். வெங்காயத் தோட்டங்களைத் தாண்டியபிறகு கேட்டேன்.

“மாமா, நீங்கள் சொன்னது உண்மையே?”

“ஓம்.”

“ஏன் ஒளிச்சனீங்கள்? பயமோ?”

“பயம்தான்.” கொஞ்சத் தூரம் போனபிறகு சொன்னார்: “எனக்குச் சாகவும் விருப்பமில்லை, ஒருத்தரைக் கொல்லவும் விருப்பமில்லை. ஆரோ ஒராள் போகத்தானே வேணும் எண்டு சனம் சொன்னது. அதுக்கு என்னட்டை மறுமொழி இருக்கேல்லை. இப்பவும் இல்லை.”

“சித்திக்குப் போக விருப்பமோ?”

மாமா சைக்கிளை நிறுத்தினார். அது சில்லில் கல் மாட்டியதற்காக என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். கல் ஒன்றுமில்லை.

“அவவிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை,” என்றார்.

அம்மா என்னை அடிக்கவில்லை. இரண்டு நாள் கதைக்காமல் இருந்தார், அவ்வளவுதான். அப்பா நடந்ததைக் கேட்டுவிட்டு, சைக்கிளின் இருக்கையை என் உயரத்துக்குப் பதித்துத் தந்தார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, சாதாரண உடுப்பில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். பிள்ளையின் பேச்சு நன்றாக இருந்ததாம் என்று தமிழில் சொல்லிக்கொண்டே வீட்டில் இருக்கிறவர்களின் பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதினார்கள். மாமாவைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். எனக்குப் பாராட்டுச் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, நான் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினேன். அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, சான்றிதழை வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டார்.

அவர்கள் போனபிறகு மாமா அம்மாவிடம் சொன்னார்: “இனி மறைக்க ஒண்டுமில்லை அக்கா. பதிவம்.”

காணாமற்போனவர்களைப் பதிவதைத்தான் சொன்னார். பெரியம்மா குசினிக்குள் சத்தம் போட்டதும் அதற்காகத்தான். அதுவரை சித்தியை எங்கும் பதியவில்லை. பதிவதென்றால் கண்டவர் சொல்லவேண்டும், கண்டவர் மாமா மட்டும்தான். அவர் மூன்று வருடமாக நாளைக்கு, அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். என் பேச்சால்தான் அது நடந்தது, அதனால் நன்மைதானே என்று பின்னாளில் அம்மா ஒருமுறை எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலை எடுத்துக்கொள்ள எனக்கு முடியவில்லை. அந்த வசனத்தைக் குரல் தாழ்த்தி உயர்த்திச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. மாமாவிடம் மன்னிப்புக் கேட்க இரண்டுமுறை தொடங்கினேன். இரண்டுமுறையும் அவர் என் வேலையைப் பற்றிக் கேட்டுக் கதையை மாற்றிவிட்டார். தலை நரைத்து, இன்னும் அம்மாவோடுதான் இருக்கிறார். காணாமற்போனவர்களின் உறவுகள் கூடுகிற இடங்களுக்கெல்லாம் பஸ் ஏறிப் போய்வருவார். ஊர் ஊராக எத்தனையோ பேரின் வாழ்க்கையை எழுதியவர் தன் தங்கையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எழுதினால் செத்துவிட்டா என்று ஆகிவிடும்.

பதிவுப் படிவத்தை நிரப்புவதும் அதனால்தான் என் வேலையானது. மாமா அதைப் பதிவுக் கந்தோரிலிருந்து எடுத்துவந்து, ஒரு பின்னேரம் மேசையில் விரித்து, பேனையை என்னிடம் தந்தார்.

“நீ எழுது பிள்ளை. உன்ரை எழுத்து வடிவு.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முழுப்பெயர். பிறந்த இடம். உயரம். அடையாளம்: இடது புருவத்தில் ஒரு தழும்பு. கடைசியாக உடுத்திருந்தது பச்சைப் பாவாடை, வெள்ளைச் சட்டை. பெயர்களையும் எண்களையும் கட்டங்களுக்கு வெளியே போகாமல் எழுதுவதில் நான் கவனமாக இருந்தேன். அம்மா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“‘கடைசியாகக் கண்டவர்’ எண்டு கிடக்கு மாமா.”

“என்ரை பேரை எழுது.”

“‘எங்கிருந்து கண்டீர்?’”

“வளவுக்குள்ளை நிண்ட புளியமரத்திலையிருந்து. வாகனச் சத்தம் கேட்டு ஏறினனான்.”

எழுதினேன். புளியமரத்துக்கு ளகரமா ழகரமா என்று கேட்டபோது சொல்லித் தந்தார். அடுத்தது, ‘சம்பவத்தைச் சுருக்கமாக விவரிக்கவும்’. அதற்குப் பெரிய கட்டம் விட்டிருந்தார்கள். வாகனம் வந்தது, நாலுபேர் இறங்கியது, வீட்டுக்குள் தேடியது, முற்றத்தில் நின்று அண்ணன் எங்கே என்று கேட்டது, தெரியாது என்று சித்தி சொன்னது, பிறகு அவவை ஏறச் சொன்னது, எல்லாம் சொன்னார்.

“மரத்துக்குக் கீழாலைதான் கொண்டு போனவங்கள்,” என்றார். “நான் மேலை இருக்கிறன் எண்டு அவவுக்குத் தெரியும். நான் ஏறேக்கை கண்டவ. போகேக்கை ஒருக்காலும் மேலை பாக்கேல்லை.”

அம்மா கதவடியிலிருந்து உள்ளே போய்விட்டார்.

“அதையும் எழுதவோ மாமா? இடமிருக்கு.”

“வேண்டாம். உது காணும்.”

நான் பேனையை மூடினேன். கூடப்பிறந்த அண்ணை மேலே இருக்கிறார் என்று தெரிந்தும், ஒரு வார்த்தை சொல்லாமல், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போயிருக்கிறா. அந்த நேரத்தில் சித்திக்கு மாமாவோடு ஏதோ கோபமாக்கும் என்றுதான் நான் நினைத்தேன்.